உங்கள் தளத்துக்கு வருவது யார்? – வாசகர் கேள்வி பதில்

திருகோணமலை ரவுணில் அச்சகம் வைத்திருக்கிறேன். கலியாண அழைப்பு, கோயில் நோட்டீஸ், கடைப் பில் புத்தகம் என்று தொடங்கிய தொழில். இப்போது அதே வாடிக்கையாளர்கள் இணையத்தளத்துக்கும் எழுதித் தரச்சொல்லிக் கேட்கிறார்கள். இந்த முறை வந்த கடிதங்கள் அநேகமாக எல்லாமே அதைப் பற்றித்தான். தள முகவரி அனுப்பியவர்களின் தளங்களைத் திறந்து பார்த்த பிறகே பதில் எழுதுகிறேன். முகவரியையும் பெயரையும் இங்கே போடவில்லை.

கேள்வி: நானும் கணவரும் நிலாவெளியில் சின்ன விடுதி ஒன்று நடத்துகிறோம். ஐந்து அறை. புறாத்தீவுக்குப் படகும் ஒழுங்கு செய்து கொடுக்கிறோம். அண்ணன் மகன் ஓர் இணையத்தளம் செய்து தந்தான். பார்க்கிற எல்லோரும் நல்ல வடிவு என்கிறார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு எங்களை அழைத்து அறை கேட்டவர் ஒருவரும் இல்லை. வருகிற எல்லோரும் பெரிய புக்கிங் தளங்கள் வழியாகத்தான் வருகிறார்கள். கொமிஷன் கட்டி மாளவில்லை. எங்கே பிழை அண்ணா?
– நிலாவெளி வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் தளத்தைப் போனில்தான் திறந்தேன். உங்களிடம் வரப்போகிறவரும் போனில்தான் திறப்பார். அதுவும் ஹபரணை தாண்டிக் காட்டு ரோட்டில் வரும் வானுக்குள் இருந்து, சிக்னல் வந்து வந்து போகும்போது. முதல் படம் வருவதற்கே நல்ல நேரம் எடுத்தது. வந்த படத்தில் நீலக் கடலுக்கு மேலே மரக்கால்களில் ஓலைக் குடில்கள் நிற்கின்றன. நிலாவெளியில் அப்படி ஒரு குடில் இல்லை. அது மாலைதீவுப் பக்கத்துப் படம். அதற்குக் கீழே சொர்க்கத்துக்கு வரவேற்கிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பிறகு 'எமது தூரநோக்கு', அதற்குப் பிறகு 'எமது பணிக்கூற்று'. ஐந்து அறை விடுதிக்குப் பணிக்கூற்று எதற்கு? அறை என்ன விலை, ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கலாம், கடலுக்கு எவ்வளவு தூரம், இது மூன்றும் எந்தப் பக்கத்திலும் இல்லை. போன் இலக்கம் அடியில் இருக்கிறது, ஆனால் ஒரு படத்துக்குள். தொட்டால் அழைப்புப் போகாது, பிரதி எடுக்கவும் ஏலாது.

வடிவு என்று சொன்னவர்கள் யார் என்று யோசியுங்கள். உறவினர், அயலவர், உங்களைத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு உங்களிடம் அறை தேவையில்லை. விடுதி எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும் என்பதெல்லாம் ஏற்கனவே தெரியும். உங்களைத் தெரியாத ஒருவர் அந்தப் பக்கத்தில் என்ன தேடுவார் என்பதுதான் நாங்கள் பார்க்க வேண்டியது.

உங்களிடம் வருகிறவர்கள் இரண்டு விதம். கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரை வெளிநாட்டுக்காரர் வருவார்கள்; நீந்துவது, புறாத்தீவில் பவளப்பாறை பார்ப்பது, திமிங்கிலம் பார்ப்பது, இதற்காகத்தான். மற்றவர்கள் எங்கள் நாட்டுக் குடும்பங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு, கண்டி, அப்புறம் ஓகஸ்ட் விடுமுறைக்கு வரும் லண்டன், கனடாச் சொந்தங்கள். அவர்கள் ஒரு வான் பிடித்து, அம்மம்மாவில் இருந்து கைக்குழந்தை வரை ஏற்றிக்கொண்டு வருவார்கள். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, பின்னேரம் கடற்கரை. இதுதான் அவர்களுடைய பயணம்.

உங்கள் தளம் முதல் கூட்டத்தோடு மட்டும் பேசுகிறது. இரண்டாவது கூட்டத்துக்கு ஒரு வரிகூட இல்லை. ஆனால் மாரி காலத்தில் உங்கள் அறைகளை நிரப்பக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்கள் கேட்கும் கேள்விகளை நீங்கள் நாளாந்தம் போனில் கேட்டிருப்பீர்கள்: பத்துப் பேருக்கு இடம் இருக்கிறதா? சாரதி படுக்க இடம் இருக்கிறதா? வானை உள்ளே விடலாமா? கோயிலுக்குப் போகிறோம், மரக்கறிச் சாப்பாடு தனிச் சட்டியில் சமைத்துத் தருவீர்களா? குழந்தைக்குப் பால் காய்ச்சக் குசினி தருவீர்களா? சாரதிக்கு அறை இருப்பதாக உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வான் பிடித்துப் போகிற எந்தக் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். அது தளத்தில் இல்லை. தூரநோக்கு இருக்கிறது, சாரதி அறை இல்லை.

முதல் திரையில், அதாவது விரலால் தள்ளாமல் கண்ணில் படுகிற இடத்தில், இப்படி எழுதுங்கள்:

"நிலாவெளிக் கடற்கரைக்கு நடந்து போகலாம். ஐந்து அறைகள், அவற்றில் இரண்டு குடும்ப அறைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து பேர் தங்கலாம். சாரதிக்குத் தனி அறை, வான் நிறுத்த வளவுக்குள் இடம். சொன்னால் மரக்கறிச் சாப்பாடு தனியாகச் சமைப்போம். திருகோணமலை ரவுணில் இருந்து வடக்கே சுமார் 15 கிலோமீற்றர். ஓர் இரவுக்கு இத்தனை ரூபா முதல். வட்ஸ்அப்பில் கேளுங்கள்."

எத்தனை ரூபா என்பதை நீங்கள் நிரப்புங்கள், ஆனால் வெறுமையாக மட்டும் விடாதீர்கள். விலை போட்டால் பக்கத்து விடுதிக்காரன் பார்த்துவிடுவான் என்று பலர் பயப்படுகிறார்கள். அவர் புக்கிங் தளத்தில் உங்கள் விலையை எப்போதோ பார்த்துவிட்டார். விலை தெரியாமல் திரும்பிப் போகிறவர் வாடிக்கையாளர்தான்.

கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்கும்போது என்ன செய்கிறோம்? கொடியேற்றம் என்றைக்கு, தேர் என்றைக்கு, தீர்த்தம் என்றைக்கு என்பதைப் பெரிய எழுத்தில் போடுகிறோம். தலவரலாறு உள்ளே வரும், உபயகாரர் பெயர் கடைசியில் வரும். உங்கள் தளத்தையும் அந்த ஒழுங்கில் அடுக்குங்கள். விடுதி தொடங்கிய கதை, மாமா காலத்துத் தென்னந்தோட்டம், எல்லாம் இருக்கட்டும். அதை வாசிக்க விரும்புகிறவர் கீழே போய் வாசிப்பார்.

இனி நான் உண்மையில் கவலைப்பட்ட ஓர் இடம். ஆண்டு முழுவதும் புறாத்தீவுக்குப் படகு உண்டு என்று தளம் சொல்கிறது. தங்கச்சி, அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒக்டோபருக்குப் பிறகு வாடைக் காற்றில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்று உங்கள் படகுக்காரருக்குத் தெரியும். டிசம்பரில் ஜேர்மனியில் இருந்து அந்த வரியை நம்பி ஒரு குடும்பம் வந்து இறங்கினால் என்ன செய்வீர்கள்? படகு விட்டாலும் ஆபத்து, விடாவிட்டாலும் ஏமாற்றம். "மே முதல் செப்டெம்பர் வரை, மற்ற மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், படகு போகாது" என்று நேராக எழுதுங்கள். மாரி காலத்தில் வருகிறவருக்குக் கோயில், கன்னியா, கோட்டைக்குள் மான்கள், மழை விட்ட நேரத்தில் கடற்கரை நடை என்று வேறு ஒரு பந்தி வையுங்கள்.

புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு வேறு கட்டணம். இதைத் தளத்தில் விளக்கவில்லை என்றால் கரையில் நின்று காசு கொடுக்கும்போது உங்களோடுதான் தர்க்கப்படுவார்கள். பவளத்தை மிதிக்கக்கூடாது, உடைத்து எடுத்து வரக்கூடாது என்ற வரியையும் போடுங்கள். அந்தப் பாறைகள் ஏற்கனவே நிறையச் சேதப்பட்டுவிட்டன, அவை இல்லாமல் போனால் எங்கள் கரைக்கு யார் வருவார்கள்?

படங்களுக்கு வருவோம். மாலைதீவை எடுத்துவிட்டு உங்கள் சொந்த அறையைப் போடுங்கள். எங்கள் கரையில் சூரியன் கடலில் இருந்து எழும்புகிறது. காலையில் ஜன்னலைத் திறந்து வைத்துப் போனிலேயே எடுக்கலாம், கமராக்காரர் வேண்டாம். கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து விட்டு எடுங்கள். குளியலறையைக் கட்டாயம் எடுங்கள். குடும்பமாக வருகிற பெண்கள் முதலில் பார்ப்பது அதைத்தான், அநேக விடுதிக்காரர் போடாமல் விடுவதும் அதைத்தான். போனில் எடுத்த படம் நான்கைந்து எம்.பி. வரும்; அப்படியே ஏற்றினால் பக்கம் நகராது. சில நூறு கே.பி.க்குச் சுருக்கி ஏற்றச் சொல்லுங்கள், மருமகனுக்கு அது பத்து நிமிட வேலை. தானாக ஓடுகிற படவரிசையும் வேண்டாம். நல்ல ஒரு படம் அசையாமல் நின்றால் போதும்.

வரைபடத்தில் உங்கள் அடையாளம் பிரதான வீதிக்கு மற்றப் பக்கம், களப்புப் பக்கமாக விழுந்திருக்கிறது. இரவில் வருகிற சாரதி சுற்றிச் சுற்றித் திட்டுவார். அதைச் சரிசெய்து, "இந்தப் பாடசாலை தாண்டிக் கடற்கரைப் பக்க ஒழுங்கை" என்பது போல ஒரு வரி வழியும் எழுதுங்கள். யாழ்ப்பாணத்துக்காரர் வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வருவார். கொழும்புக்காரர் ஹபரணை, கந்தளாய் வழியாக வருவார். இரண்டையும் சொல்லலாம். வட்ஸ்அப் இணைப்புக்கு இலக்கத்தின் முதல் சைபரை எடுத்துவிட்டு 94 சேர்க்க வேண்டும். சைபரோடு போட்டால் வெளிநாட்டில் இருந்து தொடுகிறவருக்கு வேலை செய்யாது.

எல்லாம் மாற்றிய பிறகு ஒரு சோதனை. விடுதியைத் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்து, "நாலு பெரியாள், இரண்டு பிள்ளைகள், ஒரு சாரதி. வெள்ளிக்கிழமை இரவு தங்க எவ்வளவு செலவாகும் என்று கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். கை நீட்டிக் காட்ட வேண்டாம், விளக்கம் சொல்ல வேண்டாம். அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள். இணையத்தளங்களை இப்படிச் சோதித்துப் பார்ப்பதில் பெயர் பெற்ற டென்மார்க்குக்காரர் யேக்கப் நீல்சன், ஐந்து பேரோடு இப்படிப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஐந்து பேர் கிடைக்காத இடமா நிலாவெளி? ஓட்டோக்காரர், பாமசிப் பிள்ளை, அயலில் புதிதாகக் குடிவந்த ரீச்சர். ஒருவர் கட்டாயம் ஐம்பது வயது தாண்டியவராக இருக்கட்டும்; பயணத்துக்குக் காசு கட்டுகிறவர் அந்த வயதுக்காரர்தான்.

கேள்வி: எங்கள் படகுச் சவாரித் தளம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. தமிழும் வேண்டுமா? சிங்களமும் வேண்டுமா? கூகுளில் மொழிபெயர்த்துப் போட்டால் போதாதா?
– உப்புவெளி வாசகர்

பதில்: மூன்றும் வேண்டும். விடுமுறை நாளில் உப்புவெளிக் கரையில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள், உள்நாட்டுப் பயணிகளில் சிங்களம் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். ஆனால் இருபது பக்கத்தையும் மூன்று மொழியில் போட வேண்டியதில்லை. விலை, நேரம், எந்த மாதங்கள், உயிர்காப்பு அங்கி உண்டா, எப்படி அழைப்பது. இந்த ஒரு பக்கம் மூன்று மொழியிலும் சுத்தமாக இருந்தால் போதும். இயந்திர மொழிபெயர்ப்பை முதல் பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு அந்த மொழியில் பிறந்து வளர்ந்த ஒருவர் வாசித்துத் திருத்த வேண்டும். உங்களிடம் வேலை செய்கிற படகோட்டிகளில் சிங்களத் தம்பி ஒருவர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அவரிடமே கொடுங்கள். பாதுகாப்பு பற்றிய வரிகளை அவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: வாப்பா காலத்தில் இருந்து படகு எஞ்சின் திருத்துகிறோம். எனக்கும் ஒரு வெப்சைட் செய்ய வேண்டும் என்று ஆசை. ஒரு கம்பனியில் பெரிய தொகை கேட்கிறார்கள். செய்யலாமா?
– கிண்ணியா வாசகர்

பதில்: தம்பி, இப்போதைக்கு வேண்டாம். உங்கள் வாடிக்கையாளர் மீனவர். எஞ்சின் நின்றால் அவர் வாசிக்கமாட்டார், அழைப்பார். அவருக்குத் தேவை உங்கள் இலக்கமும், கடை திறந்திருக்கிறதா என்பதும்தான். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவது இலவசம். தமிழில் கடைப் பெயர், போன் இலக்கம், திறக்கும் நேரம், 'படகு எஞ்சின் திருத்துமிடம், 25 குதிரை, 40 குதிரை' என்று ஒரு வரி, கடை வாசல் படம் ஒன்று. அவ்வளவுதான். எந்தெந்த எஞ்சினுக்கு உதிரிப்பாகம் கையில் இருக்கிறது என்று எழுதினால் மூதூர், புல்மோட்டை ஆட்களும் அழைப்பார்கள்.

நீங்கள் அனுப்பிய பழைய நோட்டீஸை வாசித்தேன். பாதையில், அதாவது ஆட்களை ஏற்றி அக்கரை இக்கரை போகும் மிதவைப் படகில், ஏறி இக்கரைக்கு வரும்படி வழி சொல்கிறது! கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தாகிவிட்டது. அந்த வாசகத்தை அப்படியே எடுத்து எங்கேயும் போட்டுவிடாதீர்கள். நோட்டீஸை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், வாப்பா காலத்து அச்சு நல்ல அச்சு.

கேள்வி: வீட்டில் மிளகாய்த்தூள், கறித்தூள் வறுத்து இடித்துக் கனடா, லண்டன் ஆட்களுக்கு அனுப்புகிறேன். தளத்தில் தமிழில் நிறைய எழுதியிருக்கிறேன். சிலர் "எழுத்தே தெரியவில்லை" என்கிறார்கள். என் போனில் சரியாகத்தான் தெரிகிறது.
– சாம்பல்தீவு வாசகி

பதில்: அக்கா, முகப்புப் பக்கம் சரி. 'எங்கள் தூள்' என்ற பக்கம் பாமினி எழுத்துருவில் அடித்து அப்படியே ஒட்டப்பட்டிருக்கிறது. பாமினி அச்சு வேலைக்கு வந்த எழுத்துரு. உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறிகள், மேலே தமிழ் வடிவம் மட்டும். அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்து வரும். கூகுளில் 'கறித்தூள்' என்று தேடுகிறவருக்கும் அந்தப் பக்கம் அகப்படாது. எல்லாப் போனிலும் தெரிகிற பொது எழுத்துமுறையான யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன. ஒட்டி, மாற்றி, ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். எங்கள் அச்சகங்களில் இன்றைக்கும் பாமினியில் அடித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இணையத்துக்கு என்று சொல்லியே வாங்குங்கள்.

அடுத்தது, வாங்குகிறவர் யார்? ரொறன்ரோவில் ஆசையாகக் கேட்பது அம்மா. ஓடர் போடுவது அங்கே பிறந்த மகள். அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆகவே ஒவ்வொரு தூளுக்கும் இரண்டு மொழியிலும் எழுதுங்கள்: என்னென்ன சேர்ந்தது, எத்தனை கிராம், உறைப்பு எவ்வளவு, எப்போது வறுத்தது, எத்தனை மாதம் வைக்கலாம். "பாரம்பரியச் சுவை, தரமே எமது தாரகமந்திரம்" என்பதை வெட்டிவிடுங்கள், எல்லாத் தூள்காரரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அதைவிட, கடிதத்தில் நீங்கள் எனக்கு எழுதிய வரி எவ்வளவு நல்லது: "மல்லியைத் தனிய, சீரகத்தைத் தனிய, மிளகாயைக் கடைசியாக வறுக்கிறேன், கறிவேப்பிலை வளவுக்குள் நிற்கிற மரத்தில் ஆய்ந்தது." அந்த வரியை அப்படியே முகப்பில் போடுங்கள். வாசிக்கும்போதே மணக்கிறது. பொதி போய்ச்சேர எத்தனை நாள், தபால் செலவு எவ்வளவு என்பதைப் பணம் கட்டும் பக்கம் வரை ஒளித்து வைக்காமல் விலைக்குப் பக்கத்திலேயே சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தையல் கடைத் தளத்தில் பழைய போன் இலக்கம் இருக்கிறது. செய்து தந்த தம்பி கட்டாருக்குப் போய்விட்டார். மாற்ற வழி தெரியவில்லை.
– உவர்மலை வாசகி

பதில்: அம்மா, இலக்கத்தை மட்டும் கேட்காதீர்கள். தளப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். டொட் எல்.கே. என்று முடிகிற இலங்கைத் தளப் பெயர்களை எல்.கே. டொமைன் ரெஜிஸ்ட்ரி நிர்வகிக்கிறது. பதிவு அந்தத் தம்பியின் மின்னஞ்சலில் இருந்தால் புதுப்பிக்கும் அறிவித்தலும் அவருக்கே போகும். அவர் கவனிக்காமல் விட்டால் உங்கள் கடையின் பெயர் கைவிட்டுப் போகும். பதிவை உங்கள் பெயருக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் மாற்றித் தரச்சொல்லுங்கள். தளம் இருக்கிற சேவையின் கடவுச்சொல், எப்போது புதுப்பிக்க வேண்டும் என்ற திகதி, இரண்டையும் வாங்கிக் கடைக் கணக்குக் கொப்பியில் எழுதி வையுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் வைத்திருப்பதாக நினைக்க வேண்டாம். இளம் பிள்ளைகள் அவசரத்தில் தங்கள் பெயரிலேயே பதிந்துவிடுகிறார்கள், பிறகு மறந்துபோகிறார்கள். கட்டார் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே வெள்ளிக்கிழமை லீவு. வருகிற வெள்ளி பத்தரை மணிக்குப் பிறகு வட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள்.